கடைசி வீட்டுக் கழிவுநீர்

"கடைசி வீட்டு சாம்பிள்ல இன்னிக்கும் கொரோனா இருக்கு" என்றார் கழிவுநீர் ஆய்வகத்தின் மேலாளர்.

அங்கே சோதனை செய்யும் பெண், வைரஸ் இருந்தால் திரையில் மெல்ல ஏறும் நீலக் கோட்டைப் பார்த்து, தூக்கத்தில் சிரிக்கும் குழந்தை மாதிரி சிரித்தாள்.

"சிரிக்கிறியேம்மா. தொண்டையை விட்டுப் போனாலும் மலத்தை விட்டுப் போக மாட்டேங்குது."

"மெதுவாப் போகட்டும் சார்."

மறுநாள் கோடு ஏறவே இல்லை.

"அப்பாடா, வைரஸ் போயிடுச்சு" என்றார் மேலாளர்.

அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே நடந்தாள். கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. அவளோடு பேச்சை முறித்துக்கொண்டு, போனையும் எடுக்காமல், அந்த வீட்டில் தனியாகக் கிடந்த அண்ணன் மெலிந்துபோய் நின்றான்.

"எதுக்கு வந்தே?"

"உனக்குக் குணமாயிடுச்சுண்ணா."

"அதுக்கு ஏன் அழறே?"

"உன் வீட்டுத் தண்ணிய நான்தான் சோதிக்கிறேன். தினமும் கோடு ஏறினதும், நீ எழுந்து நடமாடுறேன்னு நிம்மதியா இருப்பேன். இன்னிக்கு ஏறல. உனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

அவன் கதவை அகலத் திறந்தான்.

"இனிமே போன் பண்ணு" என்றான். "எடுக்கிறேன்."