கதைக் குடும்பத்துக்குப் பொன்னாடை

“மேடம், கூட்டம் வந்திடுச்சு. உங்க கதையில வர்ற நிஜக் குடும்பத்தை இன்னும் காணோமே!”

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னாடைகளோடு பாசிர் ரிஸ் பூங்காவில் பதறினார் விழாச் செயலாளர் நாகூர் கனி. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் படித்த ‘அடங்காத குடும்பம்’ கதையை எழுதிய முனீரா சிரித்தார்.

“இப்ப வந்துடுவாங்க. அப்பா, அம்மா, பிள்ளைங்க எல்லாரும்.”

“பிரியாணி சொல்லிருக்கேன்.”

“மீன் மட்டும்தான் சாப்பிடுவாங்க லா.”

“டாக்சி அனுப்பட்டுமா?”

“வேணாம், நீந்தியே வந்துடுவாங்க.”

கதையைப் படித்திராத கனி திருதிருவென விழித்தார். பூங்காவை ஒட்டிய ஆற்றிலிருந்து கீச்சுக் கீச்சென்று நீர்நாய்க் கூட்டம் கரையேறியது. குட்டி ஒன்று அவர் கையிலிருந்த பொன்னாடையைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது.

கனி சட்டென்று மைக்கைப் பிடித்தார்.

“குடும்பத்தின் சார்பில், கடைக்குட்டி பொன்னாடையை ஏற்றுக்கொண்டார்!”