இமை ஆடாத படம்

ஸ்டுடியோவின் வெள்ளைத் திரைக்கு முன்னால் வேட்பாளர் கைகூப்பி நிற்கிறார். விளக்குச் சூட்டில் கழுத்துப் பவுடர் திட்டுத்திட்டாகக் கரைகிறது. சுவரோரத்து முக்காலியில் அவர் மனைவி, அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருக்கிறாள். மகள் இறந்த நாளிலிருந்து அவர் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. "எனக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னு ஜனங்ககிட்டயே சொல்லிடறேனே," என்று இப்போதும் கெஞ்சிப் பார்க்கிறார். கட்சிச் செயலாளர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறார். "ஜெயிச்சுட்டுச் சொல்லுங்க தலைவரே. இப்ப வாயைத் திறந்தீங்கன்னா நம்ம கதை கந்தல்தான்."

"கண்ணை மூடுங்க சார். இமை துடிக்குது பாருங்க. சாமி கும்பிடற படத்துக்கு எல்லார்கிட்டயும் நான் சொல்றதுதான். மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே இருங்க, இமை ஆடாது," என்கிறார் புகைப்படக்காரர். வேட்பாளர் எண்ணுகிறார். முகம் மெல்ல இளகி, உருகி வேண்டுகிறவரின் முகமாகிவிடுகிறது. நிஜமாகவே வேண்டுகிறாரோ என்று மனைவிக்கே ஒரு கணம் தோன்றுகிறது. அப்புறம்தான் அவர் உதட்டில் ஏழும் எட்டும் அசைவது தெரிகிறது.

"அம்மா, நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க." அவள் போய் நிற்கிறாள். அவளுக்கு எண்ண வேண்டிய அவசியமில்லை. தினமும் விடிந்ததும் மகளுக்காக மனமார வேண்டுகிறவள். கைகூப்பிக் கண்ணை மூடி, எப்போதும் முதலில் வந்து நிற்கும் மகளின் பெயரைத் தேடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் வருகிறது.

"பிரமாதம்மா," என்கிறார் புகைப்படக்காரர். "அப்படியே இருங்க."