எள்ளென்று எடுத்தது

"எள்ளுன்னு நெனச்சுட்டேன்" என்றார் நாகேஸ்வரன்.

அவ்வளவுதான். ஈர வேஷ்டியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, இலை போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஜெயலக்ஷ்மி திறந்த ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றாள். கதவுத் தட்டில் இருந்த குட்டி டப்பாவைக் காணோம். மகாளய அமாவாசைத் தர்ப்பணத்துக்கு எள் எடுக்கிறேன் பேர்வழி என்று, அவளுடைய விதையைக் கொண்டுபோய்க் கரமனை ஆற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்.

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான். வண்டு விழும்னு எள்ளையும் நீதானே ஃப்ரிட்ஜில வைக்கறே. ரெண்டும் கறுப்பு, ரெண்டும் பொடி. எனக்கென்ன தெரியும்?"

அது ஃபர்கெட்-மீ-நாட், 'என்னை மறந்துடாதே' என்று பேர் வைத்த பூவின் விதை. மகள் ராஜஸ்ரீ அயர்லாந்தில் தன் வீட்டு வாசலில் பூத்த செடியிலிருந்து எடுத்து, சிநேகிதி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பிய விதையின் வழியில் வந்தது. அனுப்பிய நாலாம் மாசம் ராஜஸ்ரீ போய்விட்டாள். உடம்புக்கு என்ன என்று கடைசி வாரம்வரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அப்பாவிடம் சொல்லும் பேச்சே இல்லை. பிரஜின் என்ற கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அவள் படியிறங்கிய நாளிலிருந்து நாகேஸ்வரனுக்கு மகள் கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம், ஒரே பிள்ளை, பெங்களூரில் இருக்கிறான் என்பார். சாவுச் செய்தி வந்த அன்று ஒரு முழுக்குக்கூடப் போடவில்லை. மத்தியானம் மோரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்படியும் ஒரு தகப்பனா என்று தெருவே பேசியது.

ஜெயலக்ஷ்மி விதையைப் பிடித்துக்கொண்டாள். முதல் வருஷம் பாதியைப் போட்டாள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் முளைத்ததெல்லாம் அழுகிப்போயிற்று. மறு வருஷம், ராஜஸ்ரீ எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதில் சொன்னபடியே செய்தாள். மீதி விதையை ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தாள். கார்த்திகைக் கடைசியில் மண்ணில் தூவி, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் மூடினாள். இருட்டில்தான் அது முளைக்குமாம். நாற்று தலைகாட்டியதும் மத்தியானங்களில் சட்டிக்கடியில் ஐஸ் கட்டி.

"எங்காத்துக் கொழந்தைகளுக்குக்கூட நான் இவ்வளவு ஐஸ் குடுத்ததில்லை மாமி" என்று அடுத்தாத்துப் பத்மஜா சிரித்தாள்.

கிணற்றடி நிழலில் ஒரே ஒரு செடி பிழைத்தது. மாசியில் பொட்டுப் பொட்டாக நீலமாய்ப் பூத்தது.

அந்த வாய்ஸ் மெசேஜில் ராஜஸ்ரீ சொல்லிக்கொண்டிருந்தாள்: "அம்மா, மேல பூ இருக்கறச்சேயே தண்டை வெட்டிடணும், கேட்டியா. பூவெல்லாம் உதிரட்டும்னு பாவம் பாத்துண்டு நின்னா, கீழ இருக்கற விதை மண்ணுக்குப் போயிடும்."

வெட்டினாள். காகிதக் கவருக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டு, பத்து நாள் கழித்து உலுக்கினால், ஒரு ஸ்பூனுக்கும் குறைவாக, மினுமினுவென்று கறுப்பு விதை. கல்லறை எங்கேயோ அயர்லாந்தில். மகள் என்று அவள் கையில் இருந்தது அந்த ஒரு ஸ்பூன்தான்.

மூன்று நாள் அவள் புருஷனோடு பேசவில்லை. சாதம் போட்டாள், காப்பி வைத்தாள். நாலாம் நாள்தான் வாய் திறந்தாள்.

"உசிரோட இருக்கறச்சே அவளைத் தொலைச்சேள். இப்போ மிச்சத்தையும் தொலைச்சாச்சு. திருப்திதானே?"

நாகேஸ்வரன் பேப்பரை மடித்து வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சற்று நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தர்ப்பணம் பண்ணிவைக்கும் ஹரிநாராயணன். சின்னப் பையனிலிருந்து ஜெயலக்ஷ்மி பார்க்க வளர்ந்தவன், இப்போது தெருவுக்கே வாத்தியார். படித்துறையில் மாமா மறந்துவிட்டுப் போனது என்று டப்பாவை நீட்டினான்.

திறந்து பார்த்தாள். ஒன்றுகூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

"மாமாவுக்குத்தான் கண்ணாடி போட்டும் தெரியல்லே. ஹரி, நீயாவது இது எள்ளில்லைன்னு சொல்லப்படாதா?"

ஹரி முழித்தான். "பறஞ்சேனே மாமி. எள்ளில்லாம தர்ப்பணம் பண்ணப்படாதுன்னும் பறஞ்சேன்."

"அப்புறம்?"

அவன் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "மாமிகிட்ட மிண்டாதே, வாயே தொறக்காதேன்னு மாமா சொல்லியிருக்கார்."

"சொல்லு."

"எள்ளு வேற பொட்டலத்துல தனியாக் கொண்டுவந்திருந்தார் மாமி. தகப்பனார், பாட்டனார் எல்லாருக்கும் அதைத்தான் விட்டார். கடைசில உறவுக்காராளுக்கு விடற எடம் வந்தது. ஒரு பேர் சேக்கணும்னுட்டு இந்த டப்பாவைத் தொறந்தார். 'இது அவ வளத்த பூவாக்கும், அவளுக்கு இதுதான் போய்ச் சேரும்'னார். எனக்கு மனசு கேக்கல்லே. நான்தான் நாலு எள்ளும் கூடப் போட்டேன்."

ஜெயலக்ஷ்மி காலி டப்பாவை மூடினாள்.

"பேர் சொன்னாரா?"

"மூணு தடவையும் அவரேதான் சொன்னார். கோத்திரத்துலதான் எனக்குத் தட்டித்து. கல்யாணமான பொண்ணுக்கு ஆத்துக்காரன் கோத்திரம் சொல்லணும், அவரோ கிறிஸ்தியானி, நான் என்ன சொல்லட்டும்னு கேட்டேன். மாமா குனிஞ்சு ஒரு கை ஜலம் அள்ளிண்டார். அப்புறம், 'நான் அவளைத் தாரைவார்த்துக் குடுக்கவே இல்லையே ஹரி. என் கோத்திரம்தான், சொல்லு'ன்னார்."