கன்னம் இல்லாத பக்கம்

எந்த மூக்குக்கண்ணாடியும் முகத்தில் நிற்கவில்லை.

போட்டதும் இடப்பக்கம் சரிந்தது. தூக்கிவிட்டாள். மறுபடி சரிந்தது.

அந்தப் பக்கம் கன்னம் இல்லை. கண்ணும் இல்லை. கரும்பூஞ்சை நோயில் இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் அவளைப் பிழைக்க வைத்தார்கள். மேலண்ணத்திலும் பாதி போய்விட்டது. பேசினால் சத்தம் மூக்கு வழியாக வந்தது.

கடைப்பெண் முதலில் கலகலப்பாகத்தான் இருந்தாள். அவள் கண்ணில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துச் சாதாரண ஆபரேஷன் என்று நினைத்திருப்பாள்.

"ஒங்களுக்கு நீள முகம்க்கா. அகலமான ஃப்ரேம்தான் எடுப்பா இருக்கும்."

அவள் தன் முகத்துப் பஞ்சை எடுத்தாள். முகக்கவசத்தையும் இறக்கினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஃப்ரேம்களை மட்டும் எடுத்து எடுத்து வைத்தாள்.

கடை முழுக்க நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே நின்றாள்.

வெளியே வேப்பமர நிழலில் பைக் நின்றது. பக்கத்தில் கணவன் கிளாட்வின், அவனுடைய தங்கை பிலோமி. பிலோமியின் இடுப்பில் ஷைனி.

அவள் பெற்ற மகள். மூன்று வயது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் பிலோமிதான் குழந்தையைக் கோவில்பட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். போன வாரம் கூட்டிவந்தாள். வாசற்படியில் கையை நீட்டி நின்றவளைப் பார்த்ததும் ஷைனி அலறி, அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அது அம்மா இல்ல."

முகக்கவசம் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஊசி போட வந்தவர் என்று கட்டிலுக்கடியில் ஒளிந்தது. இருட்டில் போய்ப் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். குரலைக் கேட்டதும் எழுந்து ஓடியது.

பிலோமிக்கும் எத்தனை நாள்தான் இங்கேயே இருக்க முடியும். நேற்றுச் சாயங்காலம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "பிள்ள கொஞ்ச நாளைக்கு எங்கூடவே இருக்கட்டும் மதினி. ஒங்களுக்கும் ஒடம்பு தேறணும்லா."

கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அதனால்தான் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

இங்கிருந்து நேரே பஸ் நிலையம். போகிற வழியில் இந்தக் கடை. ஒரு கண்ணாடி மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சித்தான், பைக்குக்குப் பின்னால் தனி ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள்.

"அதக் காட்டுங்க."

"அது ஆம்பளைங்க மாடல்க்கா."

"பரவால்ல."

தடித்த பழுப்பு ஃப்ரேம். குழிந்த இடத்தைப் பெரும்பாலும் மறைத்தது.

மெல்லக் குனிந்தாள். கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கிளாட்வின் வந்தான். அவளைப் பார்த்தான். உடனே கண்ணாடி அலமாரியைப் பார்த்தான்.

"போதும்ட்டீ. பஸ்ஸுக்கு நேரமாச்சு. இன்னொரு நாள் வந்து பாத்துக்கிடலாம்."

அவள் தரையிலிருந்து அதை எடுத்தாள். துடைக்கக்கூட இல்லை. கடைப்பெண்ணின் கையைப் பிடித்து, கைக்குள் வைத்து அழுத்தினாள்.

"இத வளைங்க. ஒடஞ்சாலும் நானே எடுத்துக்கிடுதேன். எப்படியாவது நிக்க வைங்கம்மா."

அந்தப் பெண் காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி வளைத்தாள். மூக்கின் இடப்பக்கத்தில் ரப்பர் துண்டை ஒட்டினாள். போதவில்லை. அதன்மேல் இன்னொன்று. அதே ஃப்ரேமில் பவர் இல்லாத கறுப்பு லென்ஸை மாட்டினாள். முதுகுப் பக்கமாக வந்து நின்று, இரண்டு கையாலும் போட்டுவிட்டாள்.

நின்றது.

அவள் குனிந்தாள். நின்றது. தலையை ஆட்டினாள். நின்றது. சிரித்துப் பார்க்கப் பயமாயிருந்தது.

துப்பட்டாவை இழுத்துத் தாடையோரம் மறைத்துக்கொண்டாள். கணவனுக்குக் காத்திராமல் கதவைத் தள்ளினாள்.

வெயில்.

ஷைனி பைக் சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தது.

அழவில்லை.

ஓடவில்லை.

அவள் ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. கை எட்டும் தூரத்தில் நின்றாள்.

குழந்தை கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது:

"ஆன்ட்டி, உள்ள எங்கப்பா இருக்காங்களா?"

பிலோமி பதறிப்போனாள். "ஏ பிள்ள, அது..."

அவள் கையைத் தூக்கி பிலோமியை நிறுத்தினாள்.

முழங்கால் மடக்கி, குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்தாள். கண்ணாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

மூக்கால் வந்த அந்தக் குரலுக்கும் குழந்தை பயப்படவில்லை.

"பாப்பா பேரு என்ன?" என்று கேட்டாள்.

"ஷைனி."

"நல்ல பேரு."

"எங்கம்மா வச்சது." பிஸ்கட்டைக் கடித்தது. "அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க."

பிலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தன் பையைத் திறந்து, பிள்ளையின் துணிகளை வைத்திருந்த துணிப்பையை மட்டும் வெளியே எடுத்தாள். பைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, தன் பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்துருவாங்க" என்றாள் அவள், கண்ணாடியிலிருந்து விரலை எடுக்காமல்.

குழந்தை பிஸ்கட் தின்பதை நிறுத்தியது.

"எப்ப?"