கூப்பிட்டாலும் வரக்கூடாது

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமைப் பிற்பகல், அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் ஒரு வீட்டுச் சமையலறை தீப்பற்றுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுக் கைக்குழந்தைக்கு உடை மாற்றப் போயிருக்கிறாள். வாடை பட்டு ஓடிவரும்போது நெருப்பு மேல் அலமாரியை எட்டியிருக்கிறது. சமையலறைக் கதவை இழுத்துச் சாத்துகிறாள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். ஐந்து வயது வாண்டைத்தான் காணோம். சமைக்கும்வரை தொல்லை இருக்காதென்று அவளை ஒளியச் சொன்னதும் இவளே, "நான் கூப்பிட்டாலும் வரக்கூடாது, வந்தா நீ அவுட்டு" என்று சொல்லிவைத்ததும் இவளே. கதவிடுக்கில் கசியும் புகை கூடத்து வெயிலில் நீலமாக நெளிகிறது. உள்ளே கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வெடிக்கிறது.

"வாண்டு, வெளிய வா! தீப்பிடிச்சிருக்கு!"

எங்கிருந்தோ சிரிப்பு. "பொய்யி! போன தடவ பாம்பு வந்திருக்குன்னு ஏமாத்துனீங்க!"

கட்டிலடியில் செருப்புதான் கிடக்கிறது. திரைக்குப் பின்னால் யாருமில்லை. 

"சரி தாயே, அக்கா தோத்துட்டேன். நீதான் ஜெயிச்ச."

அழுக்குக் கூடையின் மூடி எழும்புகிறது. தலையில் அப்பாவின் காலுறையோடு முகம் தெரிகிறது. "இன்னொரு தடவ சொல்லுங்க!"

"படியில சொல்றேன். ஓடு!"

வாசல் கதவைச் சாத்திவிட்டு மூவரும் இறங்குகிறார்கள். தெருவில் நின்று தீயணைப்பு நிலையத்தை அழைக்கிறாள். சமையலறை முழுக்க எரிந்துபோகிறது. யாருக்கும் காயமில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று பிள்ளைகளின் அம்மா சொல்லிவிடுகிறாள்.