மடக்கிய குடைகள்

பழைய கோட்டைக்குக் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் ஞானம் டீச்சர் பாடத்தைப் பஸ்ஸிலேயே நடத்தி முடித்துவிட்டாள்.

"நம்ம ஆளுக அந்தக் காலத்துல மேல்சாதிக்காரவ முன்னால குடை பிடிக்கப்பிடாது, செருப்பு போடப்பிடாது. எதிர்த்து நின்னுதான் அத மாத்துனாவ. அநியாயம்னா யாரு சொன்னாலும் கேக்கப்பிடாது மக்களே."

"கேக்கமாட்டோம் டீச்சர்!" பஸ்ஸே அதிர்ந்தது.

கோட்டை வாசலைத் தாண்டியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் அத்தனை பேரும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னத்துக்கு நனையுதிய? குடைய விரிங்க!"

அபிதாதான் பதில் சொன்னாள். "வாசல்ல நின்ன ஆளு மடக்கச் சொன்னாவ டீச்சர்."

வாசலில் யாரும் இல்லை.

"சொன்னா உடனே கேட்டிருவியளா? நான் பிடிச்சிட்டுத்தான வாறேன்?"

சொன்ன பிறகுதான் தன் மூக்குக்கண்ணாடியிலும் தண்ணீர் வழிவது அவளுக்கு உறைத்தது. அவள் குடையும் கக்கத்தில்தான் இருந்தது. அதை எடுத்துப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். விரல் அழுத்தவில்லை.



மறுநாள் நல்ல வெயில். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக, பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே சுடும் மண்ணில் வெறுங்காலோடு பிரேயருக்கு நின்றிருந்தார்கள். யார் சொன்னதென்று ஞானம் கேட்கவில்லை. செருப்பு வரிசையின் கடைசியில், ஹெட்மாஸ்டரின் ஷூவுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடிக்கு இடம் விட்டிருந்தது. அவள் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள்.