பழைய சாவி

பக்கத்து வீட்டில் திருடன் புகுந்ததும் தையல்காரர் தன் வீட்டு வாசல் பூட்டை மாற்றி, கேமராவும் மாட்டினார். "பழைய பூட்டுக்கு என்னங்க குறைச்சல்?" என்று மனைவி கெஞ்சியது எடுபடவில்லை.

ஒரு நாள் இருவரும் கடையிலிருந்து திரும்பியபோது, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஓடிவந்தார். "கைக்குழந்தையோட ஒருத்தி உங்க கதவுல சாவியைப் போட்டுத் திருகினா சார். நான் திருடின்னு கத்தினதும் ஓடிட்டா!"

"பாத்தியா, என் யோசனையாலதான் வீடு தப்பிச்சுது!" என்று பெருமையாகக் கேமராப் பதிவை மனைவியிடம் காட்டினார்.

அவள் உடைந்து அழுதாள். "காதலிச்சவனையே கட்டிக்கிட்டான்னு நீங்க நம்ம பொண்ணைத் துரத்தின அன்னைக்கு, எப்ப வேணா வாடின்னு என் சாவியை நான்தாங்க குடுத்தனுப்பினேன்."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். மகளின் தோளில் முகம் புதைத்திருந்த குழந்தை பேரனா பேத்தியா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.